தலைக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் தண்ணீர்

கலாமா

கலாமாவில் விமானத்தை விட்டு இறங்கியதும் ஊர் மாறியதை முதலில் உணர்வது மூக்குதான். உட்புறம் காய்ந்து இழுக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் உதடு வெடித்து, விரல் நுனித் தோல் சொரசொரத்துப் போனது. சென்னையில் உப்பு ஜாடி நீர்விடும். பொரித்த அப்பளம் இலையில் இருக்கும்போதே நமத்துவிடும். புரட்டாசிப் புழுக்கத்தில் மின்விசிறிக்கு அடியில் படுத்தாலும் தலையணை ஈரமாகும். இங்கே கைக்குட்டையை அலசி நாற்காலி முதுகில் போட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினால் காய்ந்திருந்தது.

வடசீலேயின் இந்தப் பாலைநிலம் உலகின் மிக வறண்ட இடங்களில் ஒன்று. மேற்கே பசிபிக் கரையை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் கடற்காற்றை மேலெழ விடாமல் தரையோடு அழுத்தி வைக்கிறது. கிழக்கே அமேசானிலிருந்து வரும் ஈரத்தை ஆண்டிஸ் மலை தன் மறுபக்கத்திலேயே கறந்துகொள்கிறது. ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரிலிருந்து வருகிறவருக்கு, கண்ணுக்கெட்டிய வரை ஒரு புல்கூட இல்லாத அந்த மண்நிறம் முதலில் திகைப்பைத்தான் தருகிறது. சான் பெத்ரோவுக்குப் போகும் சாலையில் உப்பும் களிமண்ணும் மடிந்து கிடக்கும் குன்றுகளைக் கடந்த பிறகே லிக்கன்காபூர் எரிமலை முழுசாகத் தெரிந்தது. ஏறத்தாழ 5,900 மீட்டர் உயரம், பிசிறில்லாத கூம்பு. காற்று அத்தனை தெளிவாக இருந்ததால் தொலைவு பிடிபடவில்லை. நடந்தே போய்விடலாம் என்று தோன்றும் மலை, வண்டியில் ஒரு மணி நேரம் போனபின்னும் அதே அளவில் நின்றது.

அந்த எரிமலைக்குத் தெற்கே, 5,000 மீட்டர் உயரச் சாஹ்னந்தோர் சமவெளியில் அல்மா வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 66 கிண்ண ஆன்டெனாக்கள். அவை படம் பிடித்த விண்மீன்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்தப் படங்களுக்கும் நமக்கும் நடுவே நிற்கும் காற்றுத் தண்ணீரை அங்கே எப்படிக் கணக்குத் தீர்க்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் நான் போனேன்.

சான் பெத்ரோ தெ அட்டகாமா

பச்சை மண்கல் வீடுகள், வெள்ளையடித்த தேவாலயம், அதன் கூரையில் கார்தோன் கள்ளியின் பலகைகள். ஓட்டைகள் நிறைந்த அந்தப் பலகைகளைத் தோல்வாரால் கட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் நடந்தால் காலடியில் திடீரென்று சலசலப்பு கேட்கும். முழங்கை அகல வாய்க்கால் ஒன்று தெருவைக் கடந்து ஒரு தோட்டத்துக்குள் நுழையும். சான் பெத்ரோ ஆறும் விலாமா ஆறும் தரும் தண்ணீரை அய்யு என்று அழைக்கப்படும் குடிக்கூட்டங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்பானியர் வருவதற்கு முன்பே இங்கே வேளாண்மை செய்துவந்த லிக்கன் அந்தாய் மக்களின் ஏற்பாடு இது.

நான் தங்கிய வீட்டுக்கார அம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பத்தாஸ்கா வைத்தார். வெள்ளை மக்காச்சோளத்தைத் தோல் நீக்கி, மணி மலர்ந்து வெடிக்கும் வரை வேகவிட்டு, இறைச்சி சேர்த்துச் செய்யும் கெட்டிக் குழம்பு. காரம் இல்லை, ஆனால் சோளத்தின் மாவு குழம்போடு கரைந்து நாக்கில் நிற்கும் அந்தக் கனம் வயிற்றுக்கு உடனே நிம்மதி தந்தது. பிறகு ரிக்கா ரிக்கா என்னும் மலைச்செடியின் கொழுந்தைப் போட்டுச் சுடுநீர். எலுமிச்சைப் புல்லுக்கும் புதினாவுக்கும் நடுவில் ஒரு வாசம்.

“உங்க முறை எப்ப?” என்று வாய்க்காலைக் காட்டிக் கேட்டேன்.

“இந்தத் தடவை ராத்திரியில வருது. மண்வெட்டியும் விளக்கும் எடுத்துக்கிட்டு நானே போவேன். முறை வர்ற அன்னிக்கு வீட்டுல சாவே விழுந்தாலும் ஒரு ஆள் மடைக்குப் போயாகணும். விட்டா அடுத்த முறை வரைக்கும் அல்ஃபால்ஃபா காயும்.”

தென்மாவட்டங்களில் கண்மாய்த் தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்க்கட்டிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் குறைவாக இருக்கிற ஊரில் அப்படி ஒருவர் இல்லாமல் எப்படி என்றார். பிறகு எங்கே போகிறேன் என்று கேட்டார். மேலே, அல்மாவுக்கு என்றதும் தலையசைத்தார். “அங்கே தண்ணி இல்லாததாலதான் அவங்க வந்தாங்க.”

அது முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்குக்காகத்தான் அங்கே ஒவ்வொரு விநாடியும் ஒரு அளவு எடுக்கிறார்கள்.

தோக்கோனாவ்

என்னை மலைக்கு அழைத்துப்போன ஓட்டுநரின் ஊர் தோக்கோனாவ். மலை ஏறுமுன் அங்கே கூட்டிப்போனார். வீடுகள், சுவர்கள், சதுக்கத்தில் தனியே நிற்கும் 1750-ஆம் ஆண்டு மணிக்கூண்டு எல்லாமே வெண்ணிற எரிமலைக்கல். ஊருக்குப் பின்னால் ஹேரே என்ற பள்ளத்தாக்கில் ஒரு சிற்றோடை ஓடுகிறது. அதன் கரையோரம் மட்டும் அத்தி, மாதுளை, சீமை மாதுளம்பழம் என்று தோட்டங்கள். பத்தடி தள்ளினால் பாறைதான். அவருடைய அக்கா தோட்டத்திலிருந்து பழமும், சாஞார் பழத்தைக் காய்ச்சி எடுத்த கருத்த பாகும் கொடுத்தனுப்பினார். கருப்பட்டிப் பாகுக்கு மிக நெருங்கிய சுவை. முடிவில் மட்டும் லேசான கசப்பு.

2,900 மீட்டர்

ஆன்டெனாக்கள் மேலே இருந்தாலும் அவற்றை இயக்குபவர்கள் இந்த உயரத்தில்தான் இருக்கிறார்கள். மேலே மனித உடம்பு அதிக நேரம் நன்றாக வேலை செய்யாது. கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி முடிக்கவிருந்த ஒரு வானியலாளர் அருகில் உட்காரவைத்துக்கொண்டார். திரைகளில் பல எண்கள் ஓடின. எல்லோரும் பேச்சுக்கு நடுவே கண்ணெறிந்து பார்த்துக்கொண்டது ஒரே எண்ணைத்தான். 0.6 என்றிருந்தது.

“பி.டபிள்யூ.வி.” என்றார். “தலைக்கு மேலே வான்வெளி முடியும் வரைக்கும் இருக்கிற நீராவி முழுசும் ஒரேயடியா மழையாப் பெஞ்சா தரையில எவ்வளவு ஆழத்துக்கு நிக்கும்ங்கிறதுதான் இது. மில்லிமீட்டர்ல. உங்க ஊர்ல?”

மழைக்காலத்தில் சென்னைக்கு மேலே ஐம்பது மில்லிமீட்டர் இருப்பது சாதாரணம் என்றேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டர் இங்கே நடுத்தர நாள். அரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் மிகக் குறுகிய அலைநீளங்களில் நோக்கத் தொடங்குவார்கள்.

நீராவி இரண்டு தொல்லைகளைத் தருகிறது. ஒன்று எளிதாகப் புரியும்: மில்லிமீட்டர், அதற்கும் குறுகிய வானொலி அலைகளை அது விழுங்கிவிடுகிறது. உயரே போனால் இது குறையும், ஏனென்றால் நீராவி பெரும்பாலும் தரைக்கு அருகிலுள்ள காற்றடுக்கிலேயே தங்கிவிடும். 5,000 மீட்டர் ஏறினால் அதில் மிகப் பெரும் பங்கு காலடிக்குக் கீழே போய்விடுகிறது.

இரண்டாவது தொல்லைதான் என்னை இங்கே இழுத்தது. விழுங்காமல் விட்ட அலையையும் நீராவி தாமதப்படுத்துகிறது. மேலே ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் இருந்தால், அலை ஏறத்தாழ ஆறரை மில்லிமீட்டர் கூடுதல் தூரம் வந்த கணக்காகிறது. ஆன்டெனாக்கள் வாங்கும் அலைகளை ஒன்றோடொன்று பொருத்தித்தான் படம் உருவாகிறது; அதனால் எல்லா ஆன்டெனாவுக்கும் ஒரே தாமதம் என்றால் கவலையே இல்லை. நீராவி அப்படிச் சீராகப் பரவி இருப்பதில்லை. கட்டிகட்டியாக, காற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்கள் ஏறக்குறைய ஒரே காற்றினூடே பார்க்கின்றன. பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்பவற்றுக்கு மேலே வெவ்வேறு காற்று. ஒன்றின் மேலே உள்ள ஈரம் இன்னொன்றைவிட ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூடினாலே 0.065 மில்லிமீட்டர் தூரம் பிசகுகிறது. அல்மா நோக்கும் மிகக் குறுகிய அலைகளில் ஒன்றின் நீளம் 0.35 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அப்போதே தவறிப்போகிறது. கோயில் குளத்துப் படியில் கிடக்கும் காசு, மேலே தண்ணீர் அலையும்போது நெளிந்து இரண்டாகி மறைவதைப் பார்த்திருக்கிறோம். இங்கேயும் நடப்பது அதுதான்.

ஊட்டி முத்தோரையில் 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் மலைச்சரிவிலேயே அமைத்த 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி அந்த மலையின் மூடுபனிக்கு நடுவிலும் தன் வேலையைச் செய்கிறது. அது கேட்பது முக்கால் மீட்டருக்கும் மேற்பட்ட அலைநீளத்தை. சில மில்லிமீட்டர் பிசகு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அலை குறுகக் குறுகத்தான் தண்ணீர் பகையாகிறது.

“தண்ணியைத் துரத்த முடியாது” என்றார் அவர். “அதனால அதுகிட்டயே கேக்கறோம்.”

வேறொரு திரையைத் திருப்பிக் காட்டினார். இரவில் ஒரு குவேசாரை, அதாவது மிகத் தொலைவில் புள்ளியாக ஒளிரும் ஒரு பொருளை, நோக்கியபோது இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே பதிவான அலைக்கட்டம்: ஒன்றில் அலை மற்றதைவிட எவ்வளவு முந்தியது, பிந்தியது என்ற கணக்கு. திருத்துவதற்கு முன்பு அந்தக் கோடு மேலும் கீழும் தறிகெட்டு ஓடியது. ஒரு கட்டளையைத் தட்டினார். அதே தரவு, நீராவிக் கணக்கைக் கழித்த பிறகு, சிறு நடுக்கத்தோடு கிட்டத்தட்ட நேராகப் படுத்தது. நான் மறுபடியும் காட்டச் சொன்னேன். சலிக்காமல் காட்டினார்.

எப்படிக் கேட்கிறார்கள் என்பதை மேலே போய்ப் பார்ப்போம்.

மலைச்சாலை

மருத்துவ அறையில் இரத்த அழுத்தமும் உயிர்வாயு அளவும் பார்த்து, ஆளுக்கு ஒரு சிறிய உயிர்வாயுக் குப்பி கொடுத்தார்கள். சாலை ஏறத் தொடங்கியதும் ஒரு குறுகிய உயர எல்லைக்குள் மட்டும் கார்தோன் கள்ளிகள் நிற்கின்றன, ஆள் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதன் பிறகு மஞ்சள் புல் மட்டும். ஒரு திருப்பத்தில் விக்கூஞாக் கூட்டம், மெல்லிய கழுத்தைத் திருப்பி வண்டியைப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. பழைய ஆட்டிடையர் கொட்டில் ஒன்றைக் கல்கல்லாகச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். தன் தாத்தா காலத்தில் இந்தச் சரிவுகளில் மந்தை ஏறும் என்றார் ஓட்டுநர். கொக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினார். 4,500 மீட்டரைத் தாண்டியபின் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நானும்.

சாஹ்னந்தோர்

கதவைத் திறந்து இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். வானம் நீலத்தைக் கடந்து கருமைக்குப் போகப் பார்க்கிறது. செம்பழுப்புச் சமவெளி, சுற்றிலும் எரிமலைகள், நடுவில் வெள்ளைக் கிண்ணங்கள். 12 மீட்டர் விட்டமுள்ளவை 54, 7 மீட்டர் விட்டமுள்ளவை 12. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் ஒரே நேரத்தில் தலை திருப்பின. நோக்கிக்கொண்டிருந்த பொருளை விட்டு அருகிலுள்ள ஒரு குவேசாருக்குப் போய், சிறிது நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பின. நூறு டன் எடையுள்ள உருவங்கள் இத்தனை ஒழுங்காக அசைவதைப் பார்க்கும்போது மூச்சுத்திணறல்கூடச் சற்று மறந்துபோகிறது.

இவற்றை இடம் மாற்றவும் முடியும். ஆன்டெனாவை நிறுத்த 192 கான்கிரீட் மேடைகள் உண்டு. ஓட்டோ, லோரே என்று பெயரிட்ட, 28 சக்கரங்கள் கொண்ட இரண்டு மஞ்சள் வண்டிகள் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு போய் 16 கிலோமீட்டர் அகலம் வரை பரப்பிவிடும். பரப்பப் பரப்ப நுணுக்கம் கூடும். பரப்பப் பரப்ப நீராவியின் பிசகும் கூடும்.

உடன் வந்த தொழில்நுட்பர் ஒரு 12 மீட்டர் கிண்ணத்தின் பின்புறத்து அறையைக் காட்டினார். விண்வெளி அலைகளை வாங்கும் ஏற்பிகள் அங்கே 4 கெல்வின் குளிரில், அதாவது கழித்தல் 269 டிகிரி செல்சியசில், உறைந்து கிடக்கின்றன. அவற்றோடு, அந்தக் குளிரெல்லாம் தேவைப்படாத ஒரு பெட்டி. நீராவிக் கதிர்மானி. 12 மீட்டர் கிண்ணம் ஒவ்வொன்றிலும் ஒன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் ஸ்வீடனின் ஒன்சாலா வானாய்வகமும் சேர்ந்து இதன் முன்மாதிரிகளைச் செய்தன.

நீர் மூலக்கூறு சும்மா இருப்பதில்லை. சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் தானே மெல்ல ஒளிர்கிறது. அவற்றில் ஒன்று 183 கிகாஹெர்ட்ஸ். கதிர்மானி அந்த ஒளிர்வை மட்டும், கிட்டத்தட்ட விநாடிக்கு ஒருமுறை, கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒளிர்வு கூடினால் மேலே ஈரம் கூடியிருக்கிறது. எவ்வளவு ஈரம் என்று தெரிந்தால் எவ்வளவு தாமதம் என்று தெரியும். அந்தத் தாமதத்தை அதே கிண்ணத்தின் தரவிலிருந்து கழித்துவிடலாம். பெரிய கண்ணாடியின் வழியாகவே இதுவும் பார்ப்பதால், எந்தக் காற்று விண்மீன் ஒளியைத் தாமதப்படுத்தியதோ அதே காற்றைத்தான் இது அளக்கிறது. படத்தைக் கெடுத்த நீராவியே, தான் எவ்வளவு கெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறது. மனிதர் கண்டுபிடித்த திருத்தங்களில் இதைவிட நேர்மையானதை நான் பார்த்ததில்லை.

இந்த வழி எல்லா ஊருக்கும் செல்லாது. 183 கோடு மிக வலுவானது. ஈரம் நிறைந்த ஊரில் அது முழுக்க நிரம்பிப்போய், கூடினாலும் குறைந்தாலும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். அங்கெல்லாம் 22 கிகாஹெர்ட்ஸில் உள்ள இன்னொரு, மெலிந்த நீர்க்கோட்டைத்தான் நம்ப வேண்டும். சாஹ்னந்தோரில் தண்ணீர் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் அந்தக் குறைவின் சின்னஞ்சிறு ஏற்ற இறக்கம்கூட 183-இல் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது. கோட்டின் நடுவிலிருந்து வெவ்வேறு தள்ளலில் நான்கு பட்டைகளை அளக்கிறார்கள். நடுப்பகுதி நிரம்பிவிட்ட நாளில் ஓரங்கள் கைகொடுக்கும்.

“மேகம் வந்தா?” என்று கேட்டேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது.

“மேகம் இதை ஏமாத்திடும்” என்றார். திரவத் துளி கதிர்மானியின் பட்டைகளில் எல்லாம் வெளிச்சத்தைக் கூட்டும்; ஆனால் நீராவி தரும் அளவுக்குத் தாமதம் தராது. பெட்டி அதிக நீராவி என்று எண்ணித் தவறாகக் கழித்துவிடக் கூடும். உலர்ந்த காற்றின் வெப்ப மாறுபாடு தரும் பிசகையும் இது அறியாது. அதனால்தான் கிண்ணங்கள் அடிக்கடி குவேசாருக்குத் தலை திருப்புகின்றன. நிலை தெரிந்த அந்தப் புள்ளி எவ்வளவு விலகித் தெரிகிறது என்று பார்த்து, மிச்சத்தைச் சரிசெய்கிறார்கள். விநாடிக் கணக்கில் நேரும் தள்ளாட்டத்துக்குக் கதிர்மானி. மெதுவாக நேரும் நகர்வுக்குக் குவேசார்.

2014-இல் கிண்ணங்களை 15 கிலோமீட்டர் அளவுக்குப் பரப்பி, 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்.எல். டௌரி என்ற இளம் விண்மீனைப் படமெடுத்தார்கள். அதைச் சுற்றிய தூசித்தட்டில் வளையம் வளையமாக இருண்ட இடைவெளிகள் தெரிந்தன. கோள்கள் பிறக்கும் இடம் அப்படி அதற்குமுன் தெரிந்ததில்லை. அந்தப் படத்தை முன்பு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியின் முன் நின்றபோதுதான், அந்த வளையங்கள் ஒவ்வொன்றும் எத்தனை லட்சம் சிறு கழித்தல்களைக் கடந்து வந்தவை என்பது உறைத்தது. 2019-இல் வெளியான எம்87 கருந்துளைப் படத்திலும் இந்தச் சமவெளியின் காற்றுக்குக் கணக்குத் தீர்த்த உழைப்பு இருக்கிறது.

தலைவலி பொட்டிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வண்டியைக் கிளப்பினார்.

சொக்காய்ரே

தெற்கே, உப்புநிலத்தின் விளிம்பை ஒட்டிப் போனால் சொக்காய்ரே. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள், அவற்றில் உருளைக்கிழங்கும் கினோவாவும். அக்டோபரில் ஊர் முழுவதும் சேர்ந்து தலைவாய்க்காலைத் தூர்வாரி, மலைகளுக்குப் படையலிட்டு, தாளாத்தூர் என்னும் தண்ணீர்ப் பாட்டைப் பாடுவார்கள். பேச்சில் வழக்கொழிந்துபோன குன்சா மொழி அந்தப் பாட்டில் இன்னும் ஒலிக்கிறது. நான் போனது மே மாதம். அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாக இருந்தன.

ஓட்டுநரின் உறவினர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், அடுப்படியில் உட்காரவைத்துப் புழுங்கிய உருளைக்கிழங்கும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் தந்தார். இருட்டியதும் வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பால்வீதியின் கரிய திட்டுகளில் லாமாவைக் காட்டினார். ஆண்டிஸ் மக்கள் விண்மீன்களை இணைத்து மட்டும் உருவம் காண்பதில்லை. விண்மீன் இல்லாத இருட்டிலும் காண்கிறார்கள். ஆல்ஃபா செந்தாரி, பீட்டா செந்தாரி இரண்டும் அந்த லாமாவின் கண்கள். சென்னையில் இருட்டே இல்லாததால் இருட்டில் உருவம் காணும் பழக்கம் எனக்கு இல்லை. கண் பழக நேரமெடுத்தது. கழுத்து தெரிந்தபின் முழு உடலும் தெரிந்தது.

உள்ளே வந்ததும் கேட்டார், “மேலே தண்ணியை அளக்குறாங்களாமே. எவ்வளவு இருந்துது?”

“ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை ஐயா. அவ்வளவும் பெய்தாலும் கால் நகம் நனையாது.”

“அவங்களுக்கு அது நல்லதா?”

“ரொம்ப நல்லது.”

உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே யோசித்தார். “எங்களுக்கு சனவரி, பிப்ரவரியில கிழக்கேயிருந்து மேகம் வரணும். மலைக்கு அந்தப் பக்கத்து ஈரம். அது வந்தாத்தான் மேலே புல்லு, ஓடையில தண்ணி.”

அதே மேகத்தினால் பிப்ரவரியில் அல்மாவில் நோக்குவதை நிறுத்திவிட்டுப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள் என்றேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிய வேண்டியது வேறு: அந்த எண்ணை ஊர்க்காரர்களும் பார்க்க முடியுமா? அல்மாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அப்பெக்ஸ் தொலைநோக்கி தன் வானிலை அளவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது என்று சொன்னதும் பேத்தியைக் கூப்பிட்டார். பதினைந்து வயசுப் பெண். கைபேசியில் தேடினாள். சிறிது நேரம் பிடித்தது. பிறகு படித்தாள்: “0.9, தாத்தா.”

“அது ஏறுதா இறங்குதா?”

“காலையில 0.7-ஆ இருந்திருக்கு.”

“சனவரியில பாரு. அஞ்சுக்கு மேலே போனா என்கிட்ட சொல்லு.”